மூடும் முன் தொட்டுப் பார்க்காத கறை

விமானப் பராமரிப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் வணக்கம்.

உங்கள் பயிற்சி அதிகாரி போன வாரம் மேலப்புதூரில் என் வீட்டுக்கு வந்து, "உங்க சர்வீஸ்ல கத்துக்கிட்ட நாலு விஷயம் எழுதிக் குடுங்க சார், புதுசா வந்தவங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றார். நாலு என்னிடம் இல்லை. ஒன்றுதான் இருக்கிறது. அதையும் கற்றுக்கொண்டேன் என்று சொல்ல முடியாது, பட்டேன் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அந்தக் கதை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். பறப்பதற்கு மூன்று நாள் இருக்கும்போது தன் கையெழுத்தை வாபஸ் வாங்கி, புத்தம்புது இறக்கையின் துணியைப் பிரித்துப் பார்த்த அந்தோணிசாமி என்றுதான் என்னை உங்களுக்கு அறிமுகம் செய்துவைக்கிறார்கள். ஒரு விழாவில் பொன்னாடைகூடப் போர்த்தினார்கள். வாங்கிக்கொண்டேன். நீங்கள் கேட்டது பாதிக் கதை. மீதியையும் சொல்லிவிடுகிறேன். பிறகு பொன்னாடையைத் திருப்பிக் கேட்டால் தரலாம், பீரோவில்தான் இருக்கிறது.

விமானத்துக்குச் சொந்தக்காரர் வரதன் சார். ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் வீடு. வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். கல்லூரியில் படிக்கும்போது ஒரு ஃப்ளையிங் கிளப்பில் இந்த விமானத்தில்தான் பறக்கக் கற்றுக்கொண்டார். இரண்டு பேர் உட்காரக்கூடிய சின்ன விமானம். இறக்கைக்குள் எலும்புபோல மரச்சட்டங்கள், மேலே துணி. கிளப் மூடிய பிறகு அது ஒரு ஷெட்டில் இறக்கை கழற்றிப் பல வருடம் புறா எச்சத்துக்குக் கீழே கிடந்தது. ஏலத்துக்கு வந்தபோது எடுத்துவிட்டார். வீட்டில் மாமி ஒரு வாரம் பேசவில்லையாம்.

என்னைத் தேடி வந்ததற்குக் காரணம் இருந்தது. மரமும் துணியும் கொண்ட விமானத்துக்குக் கையெழுத்துப் போடும் லைசென்ஸ் இந்தப் பக்கத்தில் என் ஒருவனிடம்தான் இருந்தது. எனக்கு அப்போது ஓய்வு பெற ஒரு வருடம் பாக்கி, லீவு நிறையச் சேர்த்துவைத்திருந்தேன்.

"பெரிசா ஆசையெல்லாம் ஒண்ணும் இல்லே அந்தோணி. ஒரே ஒரு தடவை தனியா ஏறி ஒரு சுத்து சுத்திட்டு எறங்கிடறேன். அப்புறம் அத யார் வேணா வெச்சுக்கட்டும்" என்றார் வரதன் சார்.

விமானம் ஓட்டுகிறவர்களுக்கு உடல்தகுதிச் சான்றிதழ் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அவருக்கு அதைக் கொடுத்த டாக்டர் இதயத்தின் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பங்குனி வரைக்கும் போடறேன் சார். இதுக்கு மேல என்கிட்ட வராதீங்க" என்று சொல்லிவிட்டார். ஆகவே பங்குனிக்குள் அந்த ஒரு சுற்று. எங்கள் வேலை முழுவதும் அந்த ஒரு சுற்றுக்காகத்தான் நடந்தது. நான் செய்த தப்புகள் எல்லாமே அதைக் கெடுப்பதற்கு என்றே வரிசையில் நின்ற மாதிரி வந்தன.

முதல் தப்பு இடம். விமான நிலையத்தில் விமானம் நிறுத்தும் ஹேங்கரில் எங்களுக்கு மார்கழி முடியும்வரை மூலைகூட இல்லை. மார்கழியில் கல்யாணம் கிடையாது, ஆகவே கல்யாண மண்டபம் காலியாக இருக்கும் என்று நான்தான் யோசனை சொன்னேன். என்ன மூளை! ஸ்ரீரங்கத்தில் ஏகாதசிக்கு வருகிற கூட்டத்துக்கு மண்டபங்கள் எல்லாம் போய்விடும். திருவானைக்காவலில், காவிரிக்குக் கொஞ்ச தூரத்தில், வரதன் சாரின் சிநேகிதர் மண்டபம் ஒன்று கிடைத்தது. சாப்பாட்டுக் கூடத்து மேஜைகளைச் சேர்த்துப் போட்டு அதன்மேல் இறக்கைகளைக் கிடத்தினோம். மணமகள் அறையில் வால் பகுதி. உங்களை இன்றைக்கு இப்படி வேலை செய்ய விடமாட்டார்கள். எங்களையும் விட்டிருக்கக் கூடாது.

இறக்கையில் துணியைத் தைத்த பிறகு டோப் என்ற திரவத்தைப் பூச வேண்டும். காய்ந்ததும் துணி மத்தளத்தோல் மாதிரி இறுகும். காற்றில் ஈரம் இருந்தால் காயும்போது பால் படிந்த மாதிரி வெளுத்துவிடும், உறுதியும் போய்விடும். இரண்டு ஆற்றுக்கு நடுவில், மார்கழிப் பனியில், டோப் பூசலாம் என்று நினைத்தவன் நான். வலது இறக்கையின் முதல் பூச்சு வெளுத்தது. துடைத்து எடுத்து மறுபடி பூசினோம், மறுபடி வெளுத்தது. வெயில் ஏறிய பிறகு மட்டும் பூசுவது என்று முடிவு செய்து, நாளைக்கு மூன்று மணி நேரம் வேலை செய்தோம். பதினோரு நாள் போயிற்று. வரதன் சார் தினமும் கோயிலுக்குப் போய்விட்டு உப்புத்தாளால் மரத்தைத் தேய்க்க வந்து உட்காருவார். சட்டங்களைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, "என்ன லேசா இருக்கு, நம்மூர் மரம் இப்படி இருக்குமோ?" என்பார். ஒரு நாளும் 'லேட்டாகிறதே' என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் கோபப்பட்டிருப்பேன், கோபத்தில் கொஞ்சம் யோசித்திருப்பேன்.

துணி தைக்க செல்வியைக் கூட்டிவந்திருந்தேன். மன்னார்புரத்தில் லாரி தார்ப்பாய் தைக்கும் கடையில் வேலை செய்த பெண். வையம்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். தார்ப்பாயில் அவள் போடும் முடிச்சைப் பார்த்துத்தான் கேட்டேன். இறக்கையைக் கதவுபோல நிறுத்திவைத்து, இந்தப் பக்கம் ஒருவர் அந்தப் பக்கம் ஒருவர் நின்று, நீள ஊசியைக் கொடுத்து வாங்கித் தைக்க வேண்டும். இரண்டு நாளில் பிடித்துக்கொண்டாள். "லாரிக்காரன் மழை பேஞ்சா திட்டுவான் சார். இதுல திட்டறதுக்குக்கூட ஆள் திரும்பி வராது போலருக்கே" என்று சிரிப்பாள். தையலுக்குத் தையல் இழுத்துப் பார்ப்பாள்.

இடது இறக்கை கடைசி. பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு அதன் ஒரு பக்கம் துணி போட்டாகிவிட்டது. மறுபக்கத்தையும் மூடித் தைத்துவிட்டால் லாரியில் ஏற்றி ஹேங்கருக்கு அனுப்பிவிடலாம், டோப் அங்கே பூசிக்கொள்ளலாம். தை பிறந்ததும் முதல் முகூர்த்தத்துக்கு மண்டபம் கொடுத்தாயிற்று. வாசலில் அலங்கார வளைவைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். பெயின்ட் அடிக்கிறவர்கள் ஏணியோடு உள்ளே நின்றுகொண்டிருந்தார்கள். கல்யாணப் பெண்ணின் மாமா ஒருவர், "இந்த நாத்தம் கல்யாணத்தன்னைக்குப் போயிடுமா சார்? சாம்பாரோட சேந்து அடிக்கப் போவுது" என்று என்னை மூன்றாம் தடவை கேட்டுவிட்டுப் போனார்.

செல்வி கையில் டார்ச்சோடு இறக்கையின் அடிப்பக்கம் குனிந்திருந்தாள். உடம்போடு இறக்கையை இணைக்கும் போல்ட்டுகள் உள்ள இடம் அது. விமானத்தின் உயிர் அங்கேதான்.

"சார், இங்க மரத்துல ஒரு கறை இருக்கு. காப்பி கொட்டின மாதிரி."

நான் நின்ற இடத்திலிருந்தே எட்டிப் பார்த்தேன். போல்ட்டைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு மரம் கறுத்திருந்தது.

"இரும்பு பட்ட கறைம்மா. பழசு. மேல வார்னிஷ் ஊறியிருக்கு, வேற ஒண்ணுமில்ல."

"தொட்டுப் பாத்தீங்களா சார்?"

எனக்குத் தொழில் பழக்கிய ஃபோர்மேன் ஒருவர் எந்த மரத்தையும் கட்டைவிரல் நகத்தால் அழுத்தாமல் விடமாட்டார். "கண்ணு பொய் சொல்லும், நகம் சொல்லாது" என்பார். அந்தப் போல்ட்டுக்கு மேலே இருந்த சிறிய தகட்டைக் கழற்றி, ஊசி முனையால் நாலு இடத்தில் குத்திப் பார்த்தால் தீர்ந்தது. அரை மணி நேர வேலை. இறக்கையைத் திறந்தபடியே ஹேங்கருக்கு எடுத்துப் போய்ச் சாவகாசமாகவும் பார்த்திருக்கலாம். இது அப்போது எனக்குத் தோன்றக்கூட இல்லை. ஒரு தார்ப்பாய் தைக்கிற பெண் எனக்குச் சொல்வதா என்று ஒரு மூலையில் இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

"தொட வேண்டாம்மா. தைங்க" என்றேன்.

தைத்தாள். பொங்கலுக்கு முன் லாரி கிளம்பியது. மூடும் முன் உள்ளே முழுவதும் பரிசோதித்ததாகக் கையெழுத்துப் போட்டேன்.

தையில் இறக்கைகளைப் பூட்டினோம். மாசியில் சென்னையிலிருந்து அதிகாரி வந்து பார்த்தார், என் காகிதங்களைப் பார்த்தார், பறக்க அனுமதி வந்தது. ஒரு சனிக்கிழமைக்கு நாள் குறித்தோம். முதல் சுற்று அனுபவமுள்ள கேப்டன் ஒருவர், இரண்டாவது சுற்று வரதன் சார் தனியாக. அவர் புது கான்வாஸ் ஷூ வாங்கி வைத்திருந்தார். அதை எனக்குக் காட்ட வீட்டுக்கே வந்தார்.

அதற்கு முந்தின புதன்கிழமை என் வீட்டு மேற்கு ஜன்னல் சாத்தமாட்டேன் என்றது. கீல் ஸ்க்ரூவை முடுக்கலாம் என்று போனேன். ஸ்க்ரூவைச் சுற்றி மரத்தில் காப்பி நிறத்தில் கறை. கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். விரல் முதல் கணு வரை உள்ளே போயிற்று. உள்ளே மரம் இல்லை, ஈரமான தூள்தான் இருந்தது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு அதற்குப் பிறகு கண்ணை மூடினாலும் திறந்தாலும் அந்த இடது இறக்கைதான். ஆற்றங்கரை ஈரத்தில் ஒரு மாதம் கிடந்த மரம். அதற்கு முன்னால் பல வருடம் ஒழுகும் ஷெட்டில் கிடந்த மரம். வரதன் சார் தனியாக ஏறி ஒரு திருப்பம் திரும்பும்போது அந்த இறக்கை மடிகிற காட்சி என் கண்ணுக்கு முன்னால் நின்றது.

இங்கே கவனியுங்கள். உங்களுக்குச் சொல்லித்தருகிற கதையில் இது என் தைரியம். என்னைக் கேட்டால் நான் அவ்வளவு கோழையாக அதற்கு முன்னும் பின்னும் இருந்ததில்லை. அன்றைக்கே ஹேங்கருக்குப் போய்ப் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். போனால் வரதன் சாரின் முகத்தைப் பார்க்க வேண்டிவரும், அவர் அந்த ஷூவைப் பற்றிப் பேசுவார், நான் இளகிவிடுவேன் என்று பயந்தேன். என் கையை நானே கட்டிக்கொள்வதற்காக, மரத்தைப் பார்ப்பதற்கு முன்பே, அனுமதி கொடுத்த சென்னை அலுவலகத்துக்கு மெயில் அனுப்பினேன். 'இடது இறக்கையின் உட்புறப் பரிசோதனைக்கான என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன்.' ஒரே வரி. அனுப்பிய பிறகு எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை வரதன் சாரிடம் சொன்னேன். "உங்களுக்குச் சந்தேகம்னா பிரிச்சுடுங்கோ. எனக்குப் பாக்கத் தெம்பு இல்லே, நான் கார்ல இருக்கேன்" என்று ஹேங்கருக்கு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார்.

செல்விக்குப் போன் செய்து வரச்சொல்லியிருந்தேன். தான் போட்ட தையலைத் தானே ஒவ்வொன்றாக வெட்டினாள். இறுகியிருந்த துணி வெட்ட வெட்ட விலகியது. நான் தகட்டைக் கழற்றினேன், போல்ட்டை உருவினேன், ஊசியை வைத்துக் குத்தினேன்.

ஊசி இறங்கவில்லை.

பக்கத்தில் குத்தினேன். மேலே, கீழே, பின்னால். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினேன். கறையைச் சுரண்டினேன், காகிதக் கனத்துக்குக் கீழே மரம் வெள்ளை வெளேரென்று புதிதாக இருந்தது. இரும்பு பட்ட கறை, மேலே பழைய வார்னிஷ். மண்டபத்தில் நின்ற இடத்திலிருந்து எட்டிப் பார்த்து நான் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி.

"நல்லாத்தான் சார் இருக்கு!" என்றாள் செல்வி. அவள் முகமெல்லாம் சந்தோஷம். மெயிலைப் பற்றி அவளுக்குத் தெரியாது.

துணியை மறுபடி தைத்துப் பூச ஐந்து நாள் போதும். வாபஸ் வாங்கிய கையெழுத்து ஐந்து நாளில் திரும்பாது. அந்த ஒரு வரியோடு அனுமதி ரத்தாகிவிடும், கோப்பு முதலிலிருந்து போக வேண்டும், மறுபடி அதிகாரி வர வேண்டும். விதியைக் குறை சொல்லமாட்டேன், விதி சரிதான். ஆனால் அது பங்குனிக்குள் நடக்காது. இது எனக்கு ஊசியைக் கையில் பிடித்து நிற்கும்போதே தெரிந்துவிட்டது.

காரருகே போனேன். வரதன் சார் கண்ணாடியை இறக்கினார். "அழுகியிருந்துதா?" என்று கேட்டார்.

அந்த முகத்தைப் பார்த்து, 'மரம் நன்றாக இருக்கிறது, நான் பயந்துபோய் உங்கள் ஒரே ஒரு சுற்றை வீணாக்கிவிட்டேன்' என்று சொல்ல வேண்டும்.

"ஆமா சார்" என்றேன்.

அவர் கண்ணை மூடிக் கைகூப்பினார். "பெருமாளே உங்க ரூபத்துல வந்துட்டார் அந்தோணி." என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். திரும்பியபோது ஹேங்கர் கதவில் செல்வி நின்றுகொண்டிருந்தாள். சந்தோஷச் செய்தியைச் சொல்ல என் பின்னாலேயே ஓடிவந்திருக்கிறாள்.

காகிதத்தில் நான் பொய் எழுதவில்லை. 'பிரித்துப் பார்த்ததில் பழுது ஏதும் இல்லை' என்று ஆங்கிலத்தில் சுத்தமாக எழுதினேன். உரிமையாளர் பார்த்ததாக ஒரு கையெழுத்து வேண்டும். கற்றையாகக் காகிதங்களை நீட்டி, விரலால் இடத்தை மட்டும் காட்டினேன். மறுநாள் போட்டுக் கொடுத்துவிட்டார். நான் பிழைத்தேன் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் வரதன் சார் வீட்டிலிருந்து செல்விக்கு ஒரு பட்டுப் புடவை போயிற்று, கறையை முதலில் கண்டுபிடித்தவள் என்று. அவள் அதைப் பையோடு என் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

"இது எனக்கு வேணாம் சார். நான் கறை இருக்குன்னுதான் சொன்னேன். அழுகிருச்சுன்னு நீங்கதான் சொன்னீங்க. அவருகிட்ட சொல்லிடுங்க சார், பாவம்."

"சொல்றேம்மா."

"எப்ப சார்?"

"சமயம் பாத்துச் சொல்றேன்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என்னோடு வேலைக்கு வரவே இல்லை. மறுபடி துணி போர்த்தும் வேலையை, இறக்கைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நானே மாறி மாறி நின்று, தனியாகவே செய்து முடித்தேன். இன்றைக்கும் மன்னார்புரம் சிக்னலில் பஸ் நின்றால் நான் அந்தக் கடைப் பக்கம் பார்ப்பதில்லை.

பங்குனி போயிற்று. சான்றிதழ் முடிந்தது. வைகாசியில் வரதன் சாருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. ஆனியில் அனுமதி வந்தது.

கேப்டன் ஒருவர் அதை எடுத்துக்கொண்டு ஏறினார். இவ்வளவு நன்றாகப் பறக்கிற பழைய விமானத்தை நான் பார்த்ததில்லை. ஓடுபாதையில் பாதிகூடத் தாண்டவில்லை, காற்று அதைத் தூக்கி வைத்துக்கொண்டது. இடது இறக்கையும் வலது இறக்கையும் ஒன்றுபோல நின்றன. பக்கத்திலிருந்தவர்கள் கைதட்டினார்கள். எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது. அது என் மரம், என் துணி, என் கையெழுத்து. அதில் உட்கார வேண்டிய மனிதர் சித்திரை வீதியில் கட்டிலில் கிடந்தார்.

அன்று மாலையே அவரைப் பார்க்கப் போனேன். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது, பேச்சு குழறும், ஆனாலும் புரியும். "நன்னா பறந்துதா?" என்றார். பறந்தது என்றேன். "போதும்" என்றார்.

பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் என் கதையைத்தான் சொன்னார். 'உள்ள மரம் அழுகிக் கிடந்தது, இவர் மட்டும் இல்லேன்னா நான் அன்னிக்கே போயிருப்பேன்.' அப்படிக் கேட்டுவிட்டுப் போன ஒருவர்தான் உங்கள் பயிற்சி நிலையத்தில் அதைச் சொன்னவர். அங்கிருந்துதான் பொன்னாடை வந்தது. ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பார்கள். எனக்கு அந்த ஒன்பதைச் சொல்லும் சிரமம்கூட வைக்காமல் அவரே சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும், ஆள் போன பிறகு சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருப்பேன். ஆள் போன பிறகு மாமி காப்பி கொண்டுவருவார், குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன்.

புரட்டாசியில் ஒரு நாள் அவர் கேட்டார். "அந்த அழுகின கட்டையில ஒரு துண்டு கெடைக்குமா அந்தோணி? பாக்கணும்போல இருக்கு."

இதைவிட நல்ல சமயம் ஒரு மனிதனுக்கு எங்கே வாய்க்கும்? நான் "கொண்டு வரேன் சார்" என்றேன்.

என் வீட்டு மேற்கு ஜன்னலின் பழைய சட்டம் கொல்லையில் கிடந்தது. அழுகிய இடத்தில் ஒரு சாண் அறுத்தேன். ஜன்னல் என்று தெரியாமலிருக்கக் கீல் அடையாளத்தை இழைத்து எடுத்தேன். நடுவில் போல்ட் அளவுக்கு ஒரு துளை போட்டேன். துளையின் உள்புறத்தில் இரும்பு பட்டதுபோல இருக்கட்டும் என்று துருப்பிடித்த ஆணியால் தேய்த்தேன். தம்பிகளே, என் சர்வீஸ் முழுவதிலும் நான் ஒரு துளையை அவ்வளவு கவனமாகப் போட்டதில்லை. அந்தக் கவனத்தை அரை மணி நேரம் மண்டபத்தில் காட்டியிருந்தால்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். இடது கையால் வாங்கினார். விரலால் துளையைத் தடவினார், பொடியை முகர்ந்து பார்த்தார். பிறகு கையில் தூக்கிப் பார்த்தார்.

"கனமா இருக்கே" என்றார்.

மார்கழி முழுவதும் அந்த இறக்கை மரத்தைத் தூக்கிப் பார்த்து அதன் லேசை வியந்த மனிதர். என் ஜன்னல் கனத்த வேங்கை மரம்.

"தண்ணி குடிச்ச மரம் சார், அதான்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். தலையாட்டினார். அதைப் பெருமாள் படத்துக்குக் கீழே வைக்கச்சொன்னார். கதவருகே நின்ற மாமி வாங்கிக்கொண்டு போனார்.

ஐப்பசியில் வரதன் சார் காலமானார்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான் அந்த வீட்டுக்குப் போகும் தைரியம் வந்தது. மாமி உள்ளே போய், அந்தத் துண்டை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "இது உங்களுது" என்றார்.

"சார் ஆசையா வெச்சிருந்தாரு. இங்கயே இருக்கட்டும் மாமி."

மாமி உட்கார்ந்தார். குரலில் கோபம் துளிகூட இல்லை. "அவர் பேங்க்ல முப்பத்திரண்டு வருஷம் இருந்தவர். படிக்காம எதுலயும் கையெழுத்துப் போடமாட்டார். நீங்க வெரலால எடத்தக் காட்டினேளே, அந்தப் பேப்பரையும் படிச்சுட்டுத்தான் போட்டார். பழுது ஒண்ணும் இல்லேன்னு நீங்கதானே எழுதியிருந்தேள்?"

"அப்பறம் ஏன் மாமி எல்லார்கிட்டயும் அப்படிச் சொன்னாரு?" என்று கேட்டேன்.

"நீங்க கூசிப்போயிடுவேள்னுதான். 'அவரா ஒரு நாள் வந்து சொல்லுவார், அதுவரைக்கும் நாம கேக்கப்படாது'ன்னுட்டார். எனக்குத்தான் பொறுக்கலை. கடைசில அவருக்கும் பொறுக்கலையோ என்னவோ, அந்தக் கட்டையக் கேட்டார். கேட்டா சொல்லிடுவார்னு நெனச்சார்." மாமி அந்தத் துணியைச் சரியாக மடித்துவிட்டார். "கனமா இருக்கேன்னார் பாருங்கோ, அப்போ நான் கதவண்டை நின்னுண்டிருந்தேன். இப்போ சொல்லிடுவேள்னு நானும் நெனச்சேன்."

துண்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

உங்களுக்கு என்னிடமிருந்து கிடைப்பது இவ்வளவுதான். மூடும் முன் தொட்டுப் பாருங்கள், தைக்கிறவள் சொன்னாலும் கேளுங்கள். பயத்தில் எழுதும் கடிதத்தை, பார்க்க வேண்டியதைப் பார்த்த பிறகு எழுதுங்கள். இவை எல்லாம் யாரும் சொல்லித்தரக்கூடியவை, உங்கள் புத்தகத்திலேயே இருக்கும். தப்பு செய்தால் ஒருவர் 'என்ன ஆச்சு' என்று உங்களைக் கேட்பார். அப்படிக் கேட்பவருக்குப் பெரும்பாலும் பதில் தெரிந்திருக்கும், உங்கள் வாயால் வரட்டும் என்றுதான் காத்திருப்பார். எனக்காக ஒருவர் எட்டு மாதம் காத்திருந்தார், பேச்சு குழறிய பிறகும் காத்திருந்தார். நான் இப்போது, முன்பின் தெரியாத உங்களிடம், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.